பூங்காவனம் விழாத பாத்ரூம்

கம்பெனி ரெக்கார்டுப்படி பூங்காவனம் விழுந்தது அவள் வீட்டுப் பாத்ரூமில். தேதி, நேரம், வலது கணுக்காலில் எலும்பு முறிவு என்று எல்லாவற்றையும் சுத்தமாக டைப் அடித்து, கீழே அவளிடம் கையெழுத்தும் வாங்கியிருந்தார்கள். அந்தக் காகிதத்தில் ஒரே ஒரு குறைதான். அவள் வீட்டில் பாத்ரூம் கிடையாது.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்தக் காகிதத்தை மூன்று காப்பி எடுத்துக் கொடுத்தவன் நான். பெயர் கோபிநாத். ஆம்பூரில் தொழிலாளர் காப்பீட்டு இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். போர்டில் ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் என்று மூன்றுதான் எழுதியிருக்கும். பாதிப் பிழைப்பு ஓடுவது எழுதாத நாலாவது வேலையில்: ஃபாரம் நிரப்புவது, மனு எழுதுவது. இந்த ஊர் ஷூ கம்பெனிகளில் யாருக்கு விரல் போனாலும், முதுகு போனாலும், முதலில் டாக்டரிடம் போவார்கள், அடுத்து என்னிடம் வருவார்கள். பன்னிரண்டு வருஷமாக இப்படி. அதனால் எனக்குச் சட்டம் தெரியும் என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. நானும் அதை மறுத்துப் பேசியதில்லை.

பூங்காவனம் அக்காவுக்கு நாற்பத்தாறு வயது. பிறந்தது கலவை ஊருக்குப் பக்கத்தில், வாழ்க்கைப்பட்டது குடியாத்தம் பக்கத்துக் கிராமத்தில். வீட்டுக்காரர் கோவிந்தராஜ் விசைத்தறியில் லுங்கி ஓட்டுகிறார். அந்த மனுஷன் வாயைத் திறப்பது சாப்பிடவும் கொட்டாவி விடவும்தான். அவர் பேச வேண்டியதையும் சேர்த்து அக்காவே பேசுவாள். தறிச் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை என்பதால், அவள் ரகசியம் சொன்னால் ரெண்டு தெருவுக்குக் கேட்கும். ஒரே மகள் ஹரிணி நர்சிங் முடித்து ஓசூரில் வேலை பார்க்கிறாள்.

கம்பெனியில் அவள் சேர்ந்து பத்தொன்பது வருஷம். பேஸ்டிங் செக்ஷன். பெல்ட்டில் வருகிற ஷூவின் மேல்பாகத்துக்கும் அடிப்பாகத்துக்கும் பிரஷ்ஷால் சொல்யூஷன் என்கிற பசையைத் தடவி, அடுத்த ஆளுக்குத் தள்ள வேண்டும். காலை எட்டரை முதல் மாலை ஐந்தரை வரை நின்றுகொண்டே செய்கிற வேலை. ஒரு தடவை இவர்கள் ஸ்டூல் கேட்டார்களாம். உட்கார்ந்தால் தூக்கம் வரும் என்று அப்போதிருந்த மேனேஜர் சொன்னாராம். "நாங்க நின்னுக்கினே தூங்கறத அவரு பார்த்ததில்ல" என்பாள். சொல்யூஷன் வாடை மூக்கில் ஏறி ஏறி, இப்போதெல்லாம் மல்லிகைப்பூவுக்கும் மீன் குழம்புக்கும் அவளுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. அதையும் ஒரு சௌகரியமாகத்தான் சொல்வாள். கம்பெனி கேன்டீனில் சாப்பிட அப்படி ஒரு மூக்குதான் வேண்டுமாம்.

பத்தொன்பது வருஷத்தில் கம்பெனி அவளுக்குப் பதவி உயர்வு எதுவும் கொடுக்கவில்லை. தோழிகள் கொடுத்தார்கள். பஸ்ஸில் இடம் பிடிக்கிற பதவி.

கம்பெனி பஸ்ஸில் ஐம்பத்திரண்டு சீட். ஏறுகிறவர்கள் எண்பதுக்கு மேல். நாளெல்லாம் நின்றவர்கள் வீட்டுக்குப் போகிற ஒண்ணேகால் மணி நேரமும் நின்றால், இறங்கும்போது கால் தன்னுடையதா பக்கத்தில் நிற்பவளுடையதா என்ற சந்தேகம் வந்துவிடும். அதனால் அந்த பஸ்ஸுக்கு ஒரு சட்டம் இருக்கிறது. சாப்பாட்டுப் பை எந்த சீட்டில் இருக்கிறதோ, அந்த சீட் பைக்காரியுடையது. பை உட்கார்ந்தால் ஆள் உட்கார்ந்த மாதிரி. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு உட்காருகிற தைரியம் அந்த ரூட்டில் ஒருத்திக்கும் கிடையாது. பேஸ்டிங்கில் ஏழு பேர் ஒரு கூட்டு. ஏழு பையையும் மாட்டிக்கொண்டு முதலில் ஓடுகிறவள் பூங்காவனம். நடையில் அவளை மிஞ்ச ஆள் இல்லை.

ஆனால் சங்கு ஊதின பிறகு ஓடினால் மற்றவர்களும்தான் ஓடுவார்கள். அதனால் அவள் சங்குக்கு ஐந்து நிமிஷம் முன்னாலேயே கிளம்புவாள். சூப்பர்வைசர் அந்த நேரம் பார்த்து ஏதாவது ஒரு ஷூவை உற்றுப் பார்ப்பார். கேட்டில் பையைத் திறந்து பார்க்கிற செக்யூரிட்டி ராஜம்மாளுக்கு, அக்கா வீட்டு மரத்திலிருந்து வாரம் ஒரு கட்டு முருங்கைக்கீரை போய்விடும். பெல்ட்டில் பக்கத்தில் நிற்கிற ஷஹீன் பானு, சங்கு ஊதியதும் தன் வருகை அட்டையோடு பூங்காவனத்தின் அட்டையையும் எடுத்து பஞ்ச் அடித்துவிடுவாள். இப்படி பல வருஷம் ஓடியது.

ஊரெல்லாம் விரல் வைக்கிற மெஷின் வந்துவிட்டதே, இன்னும் அட்டையா என்று நீங்கள் கேட்கலாம். இங்கேயும் மெஷின் வாங்கி வைத்தார்கள். சொல்யூஷன் படிந்து தேய்ந்த விரல்களில் ரேகை எங்கே இருக்கிறது? பேஸ்டிங் செக்ஷனில் ஒருத்தியைக்கூட அந்த மெஷின் மனிதப் பிறவி என்று ஒப்புக்கொள்ளவில்லை. மூன்றே மாதத்தில் பழைய அட்டைக்குத் திரும்பிவிட்டார்கள்.

அட்டையில் கம்பெனிக்கும் ஒரு சௌகரியம் உண்டு. ஷிப்மென்ட் நெருங்கினால் வேலை எட்டு மணி வரை போகும். வெளிநாட்டிலிருந்து ஆடிட்டுக்கு வருகிறவர்களுக்கு அது பிடிக்காது. அதனால் அந்த மாதிரி நாட்களில் ஐந்தரைக்கெல்லாம் டைம் ஆபீஸ் ஆள் ஒரு காலி ஷூ பெட்டியோடு வருவார். ஸ்டாண்டில் இருக்கிற இருநூறு அட்டையையும் அதில் அள்ளிக்கொண்டு போய், ஒவ்வொன்றாக பஞ்ச் அடித்துத் திருப்பி வைத்துவிடுவார். ரெக்கார்டுப்படி எல்லாரும் வீட்டில் சாம்பார் தாளித்துக்கொண்டிருப்பார்கள். பெல்ட் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். ஆள் ஒரு பக்கமும் அட்டை ஒரு பக்கமும் இருக்கலாம் என்ற வித்தையை இந்தப் பெண்கள் கம்பெனியிடம்தான் கற்றுக்கொண்டார்கள்.

போன ஐப்பசியில் ஒரு மழை நாள். கேட்டுக்கு வெளியே சேறு. பூங்காவனம் இடது தோளில் நாலு பை, வலது தோளில் மூன்று பை மாட்டிக்கொண்டு, பஸ்ஸின் பின்படியில் வலது காலை வைத்தாள். பின்னால் வந்த வேறொரு கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கவே, இவர்கள் டிரைவர் கண்ணாடியைப் பார்க்காமல் வண்டியை முன்னால் நகர்த்தினார். கால் படியோடு போனது, உடம்பு சேற்றோடு நின்றது. ஏழு டிபன் பாக்ஸும் நாலு திசைக்கு உருண்டன. கீழே கிடந்தபடி அவள் முதலில் சொன்னது, அம்மா அப்பா அல்ல. "இந்தப் பையெல்லாம் எடுத்து சீட்ல போடுப்பா. முன்னாடி மூணு, பின்னாடி நாலு." டிரைவர் அப்படியே செய்தார். அதற்குப் பிறகுதான் அவள் தன் பாதம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்த்தாள். பார்த்துவிட்டுப் போட்ட கூச்சலில், எதிர் டீக்கடை முஸம்மில் கண்ணாடி கிளாஸைக் கீழே போட்டுவிட்டு 108-க்கு போன் செய்தார்.

உள்ளே பெல்ட்டில் நின்றவர்களுக்கு ஒன்றும் தெரியாது. சங்கு ஊதியது. ஷஹீன் பானு வழக்கம்போல ரெண்டு அட்டையையும் பஞ்ச் அடித்துவிட்டு வெளியே வந்தாள். வந்து பார்த்தால் அக்காவை ஸ்ட்ரெச்சரில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பானு தன் பையை எடுத்துக்கொண்டு ஆம்புலன்ஸில் கூடவே ஏறிக்கொண்டாள். மற்ற ஐந்து பேர் தங்கள் சீட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டே போனார்கள். ஜன்னலோரம் பூங்காவனத்தின் பை மட்டும் தனியாக உட்கார்ந்து ஊர் வரைக்கும் போனது. நின்றுகொண்டு வந்த முப்பது பேரில் ஒருத்தியும் அதை நகர்த்தவில்லை.

ஆஸ்பத்திரியில் எலும்பைச் சேர்க்க பிளேட் வைத்தார்கள். மூன்றாம் நாள் கம்பெனியிலிருந்து எச்.ஆர். செந்தில்குமார் ஹார்லிக்ஸ், ஆப்பிள், ஒரு காகிதம் ஆகியவற்றோடு வந்தார். நல்ல பையன், சிரித்த முகம், யாரையும் "அம்மா" போட்டுத்தான் பேசுவார். லீவு லெட்டர் என்று சொல்லிக் காகிதத்தை நீட்டினார். இங்கிலீஷில் இருந்தது. வலி ஊசி போட்ட மயக்கத்தில் அக்கா கையெழுத்துப் போட்டாள். ஒரு நகலை அவளிடமும் கொடுத்துவிட்டுப் போனார். ஆப்பிள் நன்றாக இருந்தது என்று இன்றைக்கும் சொல்வாள்.

அந்தக் காகிதத்தோடுதான் பத்து நாள் கழித்து ஆட்டோவில் வந்து என் கடை வாசலில் இறங்கினாள். கையில் ஊன்றுகோல், காலில் மாவுக்கட்டு. ஜெராக்ஸ் எடுக்கும்போது நான் சும்மா படித்துப் பார்த்தேன். பிறகு தமிழில் சொன்னேன்: வீட்டுப் பாத்ரூமில் வழுக்கி விழுந்ததால் விடுப்பு வேண்டும் என்று இருக்கிறது.

"எந்த பாத்ரூம்?"

"உங்க வீட்டு பாத்ரூம்க்கா."

"அப்பிடி ஒண்ணு இருந்தா எனக்கு யாராவது சொல்லக் கூடாதா தம்பி? இருபத்தாறு வருஷமா கல்லு மேல ஒக்காந்து குளிக்கறேன்."

அவள் வீட்டுப் பின்னால் தென்னங்கீற்றுத் தடுப்பு ஒன்று, நடுவில் ஒரு கருங்கல், பக்கத்தில் பிளாஸ்டிக் டிரம். அதுதான் குளிக்கிற இடம். அரசாங்கத் திட்டத்தில் கட்டிக்கொடுத்த கழிப்பறையில் தண்ணீர் வசதி இல்லாததால் கோழி அடைகிறது. இவர்கள் வீட்டில் வழுக்கி விழுகிற மாதிரி வழவழப்பான தரை என்றால் கோவிந்தராஜின் தலை மட்டும்தான்.

அவள் கேலி பேசப் பேச நான் அந்தக் காகிதத்தை மறுபடி படித்தேன். எங்கே விழுந்தாள் என்ற அந்த ஒரு வரியில்தான் எல்லாம் இருந்தது. வீட்டில் விழுந்தால் அது வெறும் சீக்கு. இ.எஸ்.ஐ.யில் சம்பளத்தில் நூற்றுக்கு எழுபது என்று மூன்று மாதம் கொடுத்துவிட்டு நிறுத்திவிடுவார்கள். வேலை சம்பந்தமாக விழுந்தால் கால் ஆறும்வரை நூற்றுக்குத் தொண்ணூறு. கால் பழையபடி வராவிட்டால், எவ்வளவு ஊனம் என்று கணக்குப் பார்த்து, ஆயுசுக்கும் மாதாமாதம் ஒரு தொகை. இந்தக் கணுக்கால் முன்போல மடங்காது என்று டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். நின்று செய்கிற வேலையை வைத்தே பிழைக்கிறவள் அவள். கம்பெனி விபத்து ரிப்போர்ட் கொடுத்தால் கொஞ்சம் மூச்சு விடலாம். கொடுக்காவிட்டால் அந்தக் காலை வைத்துக்கொண்டு நாலாவது மாதம் பெல்ட் முன்னால் போய் நிற்க வேண்டும்.

முதலில் செந்தில்குமாருக்கு போன் போட்டேன். பாத்ரூம் விஷயத்தை அவர் உடனே விட்டுக்கொடுத்துவிட்டார். டைப் அடித்தவரின் தவறாக இருக்கும் என்றார். ஆனால் விழுந்தது கேட்டுக்கு வெளியே, டூட்டி முடிந்த பிறகு, கான்ட்ராக்டர் பஸ்ஸில், அதனால் கம்பெனிக்குச் சம்பந்தமில்லை என்று மூன்று காரணத்தை அடுக்கினார். ஆதாரமாக பஞ்ச் அட்டையை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். வெளியேறிய நேரம் ஐந்து முப்பத்திரண்டு.

"நடந்தத நடந்த மாதிரி எழுதிடு தம்பி" என்றாள் அக்கா.

நடந்ததை நடந்த மாதிரி எழுத நான் எதற்கு? அவள் கொண்டுவந்த காகிதங்களில் இருந்த 108 ஆம்புலன்ஸ் சீட்டில் என் கண் போய் நின்றது. போன் வந்த நேரம் ஐந்து இருபத்தேழு. கடையில் நின்ற இடத்திலேயே ஒரு குதி குதித்தேன். கம்பெனி அட்டைப்படி அவள் ஐந்து முப்பத்திரண்டு வரை டூட்டியில் இருக்கிறாள். ஐந்து இருபத்தேழுக்கு முன்பே கால் உடைந்திருக்கிறது. ஆக, டூட்டியில்தான் உடைந்திருக்கிறது. அக்கா என்னவோ சொல்ல வாயெடுத்தாள். நான் கேட்கவில்லை. ரெண்டு பக்கத்துக்கு மனு அடித்து, அட்டை நகல், 108 சீட்டு நகல் இரண்டையும் இணைத்து, இ.எஸ்.ஐ. அலுவலகத்துக்கு ஒன்று, கம்பெனிக்கு ஒன்று அனுப்பினேன். சாயங்காலம் எனக்கு நானே பிரியாணி வாங்கிச் சாப்பிட்டேன். முழு பிளேட்.

கூட்டல் கழித்தல் செந்தில்குமாருக்கும் தெரியும் என்பது பிரியாணி செரித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ஐந்து இருபத்தேழுக்குச் சேற்றில் கிடந்தவள் ஐந்து முப்பத்திரண்டுக்கு உள்ளே வந்து எப்படி பஞ்ச் அடிப்பாள்? வேறு யாரோ அடித்திருக்கிறார்கள். அடுத்தவர் அட்டையை அடித்தால் வேலை நீக்கம் என்று டைம் ஆபீஸ் சுவரில் சிவப்பு எழுத்தில் ஒட்டியிருக்கிறார்கள். அதற்கு லேமினேஷன் போட்டுக் கொடுத்ததே நான்தான்.

அவர் அக்காவைக் கூப்பிட்டு அதே சிரித்த முகத்தோடு பேசினாராம். அட்டையை அடித்தது யார் என்று பெயரை மட்டும் சொல்லுங்கள் அம்மா. அன்றைக்கே விபத்து ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுகிறேன், உங்களுக்கு வெறும் எச்சரிக்கைதான். சொல்லாவிட்டால் மோசடியில் நீங்களும் சேர்த்தி, ரிப்போர்ட்டும் கிடையாது. வியாழக்கிழமை இ.எஸ்.ஐ. அதிகாரி விசாரணைக்கு வருகிறார், அதற்குள் யோசித்துச் சொல்லுங்கள்.

புதன்கிழமை வேலை விட்டதும் ஷஹீன் பானு என் கடைக்கு வந்தாள். அக்காவும் அங்கே இருந்தாள். பானு ஒல்லியாக, மெதுவாகப் பேசுகிறவள். வீட்டுக்காரர் ரஷீத் அஹமது இருபது வருஷம் தோல் பதனிடும் ஷெட்டில் வேலை செய்து, இப்போது பத்தடி நடந்தால் மூச்சு வாங்கி வீட்டோடு இருக்கிறார். ரெண்டு பெண் பிள்ளைகளின் படிப்பும் அவருடைய மருந்தும் இவள் சம்பளத்தில். அட்டை விஷயத்தில் ஒரு கம்பெனி வெளியே அனுப்பினால், ஆம்பூரிலிருந்து ராணிப்பேட்டை வரைக்கும் வேறு எந்தக் கம்பெனியும் எடுக்காது. போனிலேயே செய்தி போய்விடும்.

பானு உட்காரக்கூட இல்லை. "பேர சொல்லிடுக்கா. கால் உன்னுது. ஜென்மத்துக்கும் நீதான் அதோட நடக்கணும். நான் பாத்துக்கறேன்."

"இன்னா பேரு?" என்றாள் அக்கா. "பதினோரு வருஷமா பக்கத்துல நிக்கற, உன் பேரு இன்னான்னு நான் கேட்டதே இல்லையேடி."

பானு அழ ஆரம்பித்தாள். இவள் ஒன்றுக்கும் லாயக்கில்லாதவள், அட்டையைப் பார்த்து அடிக்கத் தெரிந்ததா, மழையில் குடையில்லாமல் வந்திருக்கிறதைப் பார் என்று அக்கா அவளைக் கண்டபடி திட்டி, என் குடையைப் பிடுங்கிக் கொடுத்து அனுப்பினாள். அந்தக் குடை இன்னும் திரும்பி வரவில்லை.

பானு போன பிறகு அக்கா ஊன்றுகோலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு என்னிடம், பேரைச் சொல்லாமல் வாங்குவதற்கு வழி இருக்கிறதா தம்பி என்று கேட்டாள். அவள் அவ்வளவு தணிந்த குரலில் பேசி நான் கேட்டதில்லை. பார்க்கிறேன் என்றேன். பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. நடந்ததை எழுதச் சொன்னவளிடம் புத்திசாலித்தனத்தைக் காட்டி மாட்டிவிட்டவன் நான். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

வியாழக்கிழமை ஊன்றுகோலுக்குத் துணையாக நானும் கம்பெனிக்குப் போனேன். ஏ.சி. அறை. இ.எஸ்.ஐ. அதிகாரி சோபனா மேடம் மேஜைக்கு அந்தப் பக்கம். ஐம்பது வயதிருக்கும், பழைய ஹேண்ட்பேக், நாலு கலர் பேனா. பிரஷர் மாத்திரையைப் போட்டுக்கொண்டே என்னை யார் என்று கேட்டார். மனு எழுதியவன் என்றேன். நீளமாக எழுதியிருக்கிறீர்கள் என்றார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

எத்தனை மணிக்கு விழுந்தீர்கள் என்று அக்காவைக் கேட்டார். சங்கு ஊதுவதற்கு முன்னால், இடம் பிடிக்கப் போகும்போது என்று அக்கா ஒளிக்காமல் சொன்னாள். ஏழு பை, பஸ்ஸின் சட்டம், டிரைவர் வண்டியை நகர்த்தியது, எல்லாம் சொன்னாள். முருங்கைக்கீரையை மட்டும் விட்டுவிட்டாள்.

செந்தில்குமார் அட்டையை எடுத்து மேஜையில் வைத்தார். "மேடம், இதுல அஞ்சு முப்பத்திரண்டு இருக்கு. யார் பஞ்ச் பண்ணாங்கன்னு நீங்களே கேளுங்க. அதை மட்டும் சொல்லட்டும், நாங்க எதுக்கும் தடையா இல்ல."

எல்லாரும் அக்காவைப் பார்த்தோம். அவள் தன் காலைப் பார்த்தாள். மாவுக்கட்டிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஐந்து விரலையும் ஒரு தடவை எண்ணிப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். போச்சு, சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். சொன்னாலும் தப்பில்லை என்றும் அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது.

"சொல்றேன் சார். அதுக்கு முன்னாடி நீங்க ஒண்ணு சொல்லுங்க. பொரட்டாசி மாசம் ஷிப்மென்ட்டுக்கு பன்னெண்டு நாளு எட்டு மணி வரைக்கும் நின்னோம். அட்டையில பூரா அஞ்சரைன்னு கீது. அந்தப் பன்னெண்டு நாளும் எங்க எரநூறு பேரு அட்டைய பஞ்ச் பண்ணது யாரு? அவரு பேர நீங்க சொல்லுங்க. இவங்க பேர நான் சொல்றேன்."

வழக்கமான அவள் குரலில்தான் சொன்னாள். கதவுக்கு வெளியே டைம் ஆபீஸில் டைப் அடித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். செந்தில்குமாரின் முகத்தில் சிரிப்பு இருந்த இடத்தில் வேறு எதுவும் வந்து சேரவில்லை. அட்டையை மெதுவாக இழுத்து ஃபைலுக்குள் வைத்துக்கொண்டார்.

சோபனா மேடம் மாத்திரைக்குக் குடித்த தண்ணீர் பாட்டிலை மூடினார். "எனக்கு அட்டை எதுக்கு சார்? அதை நீங்க ஓவர்டைம் கணக்கு பாக்கற ஆளுக்குக் காட்ட வேண்டி வரலாம். நான் கேக்கறதுக்கு மட்டும் சொல்லுங்க. பஸ்ஸுக்கு யார் வாடகை கட்டறாங்க?"

"கம்பெனிதான்."

"இந்தம்மா அதுல ஏறினது வீட்டுக்குப் போகத்தானே?"

"ஆமா மேடம். ஆனா அஞ்சு நிமிஷம் முன்னாடியே..."

"அஞ்சு நிமிஷத்துக்கு மெமோ குடுங்க. எலும்புக்கு ரிப்போர்ட் குடுங்க."

வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் விழுந்தாலும் அது வேலை சம்பந்தப்பட்ட காயம்தான் என்று சட்டத்தில் பல வருஷமாகவே இருக்கிறதாம். கம்பெனி ஏற்பாடு செய்த பஸ் என்றால் பேச்சே இல்லையாம். கேட்டுக்கு உள்ளேயா வெளியேயா, சங்குக்கு முன்பா பின்பா என்பதெல்லாம் இந்தக் கேஸுக்குத் தேவையே இல்லை. எழுதியபடியே மேடம் இதைச் சொன்னபோது என்னைப் பார்க்கவில்லை. அது அவர் செய்த பெரிய உபகாரம். நடந்ததை நடந்த மாதிரி எழுதியிருந்தால் பானு அன்றைக்கு அழுதிருக்க வேண்டியதில்லை. பன்னிரண்டு வருஷம் ஃபாரம் நிரப்பியவனுக்கு இது தெரியவில்லை.

ரெண்டு வாரத்தில் விபத்து ரிப்போர்ட் போனது. மெமோவும் வந்தது. ஐந்து நிமிஷம் முன்னதாக வெளியேறியதற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். கால் உடைவதற்கு நேரமாகிவிட்டது என்று எழுது என்றாள் அக்கா. நான் வருந்துகிறேன் என்று ஒரே வரி எழுதிக் கையெழுத்து வாங்கினேன். நீளமாக எழுதுவதை நிறுத்தியிருந்தேன். பானுவின் பெயரை யாரும் மறுபடி கேட்கவில்லை. அட்டையையும் எடுத்துவிட்டு, முகத்தைப் பார்க்கிற மெஷின் வைத்துவிட்டார்கள்.

ஐந்து மாதம் கழித்து அக்கா வேலைக்குத் திரும்பினாள். இப்போது பேக்கிங் செக்ஷன், உட்காருவதற்கு ஸ்டூல். கேட்டு வாங்க முடியாத ஸ்டூல் கணுக்காலைக் கொடுத்ததும் கிடைத்துவிட்டது. சாயங்காலம் எல்லாருக்கும் கடைசியாக நொண்டிக்கொண்டு பஸ்ஸுக்கு வருகிறாள். பைகளை மாட்டிக்கொண்டு ஓடுவது இப்போது பானு. ஜன்னலோரம் அக்காவின் பை முன்னாலேயே போய் உட்கார்ந்திருக்கும்.

மெடிக்கல் போர்டு காலைப் பார்த்துவிட்டு ஆயுசுக்கும் மாதாமாதம் ஒரு சின்னத் தொகை எழுதியது. நிலுவை மொத்தமாக வந்த வாரம், வீட்டுக்கு வா தம்பி என்று எனக்கு போன் வந்தது. போனேன். தென்னங்கீற்றுத் தடுப்பு இருந்த இடத்தில் நீலக் கதவு போட்ட ஒரு புது அறை நின்றது. கதவில் ஆணி அடித்து, லேமினேஷன் செய்த காகிதம் ஒன்று தொங்கியது. செந்தில்குமார் ஆஸ்பத்திரியில் கையெழுத்து வாங்கினாரே, அதே லீவு லெட்டரின் நகல். கம்பெனி கொடுத்த பிளான் அப்ரூவல் என்றாள் அக்கா. பக்கத்தில் நின்ற கோவிந்தராஜ்கூட வாயைத் திறந்து சிரித்தார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி கதவைத் தள்ளினேன்.

உள்ளே தரையில் சொரசொரப்பான டைல்ஸ். மூலையில் நாற்காலி மாதிரி உட்காருகிற கோப்பை. அவளால் இனிமேல் குந்தி உட்கார முடியாது. அதற்குப் பக்கத்துச் சுவரில், பிடித்துக்கொண்டு எழுந்திருக்க, இடுப்பு உயரத்தில் ஒரு ஸ்டீல் கம்பி. அந்தக் கம்பியில் ஒரு இடம் அதற்குள்ளேயே கை பட்டுப் பட்டு மங்கியிருந்தது. எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

அக்கா பின்னால் வந்து நின்று, அந்தக் கம்பியைப் பிடித்து ஒரு தடவை ஆட்டிப் பார்த்தாள்.

"இன்னா தம்பி அப்பிடி பாக்கற? இனிமே நான் இங்க வழுக்கி விழுந்தா, அவன் எழுதினது நெசமாயிடும். அதான் கம்பி வெச்சேன்."